டாக்டருக்குப் படித்த சித்திரக்காரர்



போன சந்திப்பின்போது மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து, சார், நீங்கதான் அந்தக் காலத்து ஹாஸ்டல் கார்ட்டூனிஸ்டாமே என்றார். யார் போட்டுக்கொடுத்தார்களோ தெரியவில்லை. கையில் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். அவரும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கிராஃபிக் நாவல் செய்யப்போகிறார்களாம். படம் போடக் கை வருகிறது, கதைதான் வரமாட்டேங்குது சார் என்றார். நோட்டைப் புரட்டினேன். அற்புதமான கை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் முகமூடி போட்டவர்கள், கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவர்கள். எல்லாரையும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அது அவருக்கே தெரிந்திருந்தது. சொந்தமா ஒண்ணு வேணும் சார், அதை எங்க போய்த் தேடறதுன்னு கேட்டார்.

நிறையப் படிங்க தம்பி என்று சொல்லிவிட்டு, பாயசம் தீர்ந்துவிடும் என்று நகர்ந்துவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்தப் பையன் கேட்டது உண்மையான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை. இந்த வருஷ மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்ததும், அந்தப் பதிலை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு டாக்டரின் கதையாகச் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரி மலருக்கு அதுதானே பொருத்தம்?

அவர் பெயர் ஒசாமு தெசுகா. ஜப்பான்காரர். அவர் வரைந்த சித்திரக் கதைகளுக்கு அங்கே மாங்கா என்று பெயர். மாங்கா என்றதும் நம்மாட்களுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் ஞாபகம் வரும். அங்கே அது தினமும் கோடிக்கணக்கானோர் படிக்கிற சமாச்சாரம். அதை இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் இவருக்கு ஈடாகச் சொல்ல இன்னொருவர் கிடையாது.

1928 நவம்பர் 3ஆம் தேதி ஒசாகாவை அடுத்த டொயொனாகாவில் பிறந்தார். ஐந்து வயது வாக்கில் குடும்பம் தகராசுகா என்ற ஊருக்குக் குடிபோனது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். அதைவிட அங்குள்ள நாடகக் குழு பிரசித்தம். ஆண் வேஷம் உட்பட எல்லா வேஷத்தையும் பெண்களே கட்டுவார்கள். நடிகைகள் சிலர் அக்கம்பக்கத்திலேயே குடியிருந்தார்கள். அம்மா பையனை நாடகத்துக்குக் கூட்டிப்போவார். வீட்டில் சித்திரக் கதைப் புத்தகங்களைக் குரலை மாற்றி மாற்றி நடித்துப் படித்துக் காட்டுவதும் அம்மாதான். அப்பா வீட்டிலேயே ஒரு சின்ன சினிமா புரொஜக்டர் வைத்திருந்தார். டிஸ்னி, சாப்ளின் எல்லாம் பையன் பார்த்தது அந்த வீட்டுச் சுவரில்தான்.

பள்ளிக்கூடத்தில் பாவம், நல்ல பாடு பட்டிருக்கிறார். குள்ளம், சுருட்டை முடி, மூக்குக்கண்ணாடி. கேலி செய்யப் பையன்களுக்கு இது போதாதா? வாயால் பதில் சொல்ல முடியாதவர் பென்சிலால் சொன்னார். நோட்டில் வரைந்த கதைகள் வகுப்பில் கைமாறத் தொடங்கியதும் கேலி நின்றது. இன்னொரு பைத்தியம் பூச்சிகள். மலைச்சரிவெல்லாம் அலைந்து வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து, அச்சு அசலாக வரைந்து வைத்தார். ஜப்பானில் ஒசாமுஷி என்று ஒரு வண்டு உண்டு. தன் பெயரோடு ஒத்துப்போகிறதே என்று, பெயருக்குப் பின்னால் பூச்சி என்ற எழுத்தைச் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார். பின்னாளில் ஆரம்பித்த கம்பெனிக்கும் பூச்சி என்றுதான் பெயர்.

அப்புறம் யுத்தம் வந்தது. பையன்களைப் பயிற்சி முகாமில் போட்டு வாட்டினார்கள். அங்கே அவருக்கு இரண்டு கையிலும் படை மாதிரி ஒரு தோல்நோய் வந்து முற்றிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைகளையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்ற நிலை. ஒசாகா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் அந்தக் கைகளைக் காப்பாற்றிக் கொடுத்தார். டாக்டராகணும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அந்த டாக்டர் தன் டியூட்டியைச் சரியாகப் பார்த்ததால் மிஞ்சியவை எத்தனை லட்சம் சித்திரங்கள்!

அடுத்து தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் மறைத்து மறைத்து வரைந்தார். வரைந்ததைக் கழிப்பறைச் சுவரில் ஒட்டி வைப்பார். உட்கார்ந்திருக்கிற நேரத்தில் யாராவது படிப்பார்கள் அல்லவா? 1945 ஜூனில் ஒசாகாமேல் குண்டு மழை பொழிந்தபோது காவல் கோபுரத்தில் நின்றிருந்தார். பக்கத்திலேயே குண்டு விழுந்தது. இவர் பிழைத்தார். கீழே இறங்கி வந்து பார்த்ததையெல்லாம் கடைசிவரை மறக்கவில்லை. ஆகஸ்டில் யுத்தம் முடிந்து, இருண்டு கிடந்த நகரத்தில் மறுபடி விளக்குகள் எரிந்தபோது, உயிரோடு இருக்கிறோம், இனிமேல் வரையலாம் என்ற சந்தோஷம்தான் அவருக்கு முதலில் வந்ததாம்.

அதே 1945இல் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஜனவரியிலேயே சிறுவர் பத்திரிகை ஒன்றில் நாலு கட்டச் சித்திரத் தொடர் வர ஆரம்பித்துவிட்டது. 1947இல் வேறொருவர் தந்த கதையமைப்பை வைத்து இவர் வரைந்த புதிய புதையல் தீவு, மலிவுக் காகிதப் புத்தகமாக வந்து 4 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். பஞ்ச காலம் அது. அப்படி என்ன புதுமை? வீட்டுச் சுவரில் பார்த்த சினிமாவைக் காகிதத்தில் கொண்டுவந்தார். கார் வேகமாக வருவதைத் தூரத்தில் இருந்து, கிட்டத்தில் இருந்து, பக்கவாட்டில் இருந்து என்று காமிரா மாதிரி காட்டினார். படித்த பிள்ளைகளுக்குப் படம் நகர்கிற மாதிரியே இருந்தது.

மருத்துவ வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து இவர் நோட்ஸ் எடுத்தாரா, கதை வரைந்தாரா என்று கேட்கவேண்டியதில்லை. நம்மில் சிலருக்கு அந்தப் பின்வரிசை நன்றாகவே தெரியும்! கடைசியில் பேராசிரியர் ஒருவரே, நீ டாக்டராவதைவிடச் சித்திரக்காரனாகப் போவது நல்லது என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். குழம்பிப்போய் அம்மாவிடம் கேட்டார். உனக்கு எது பிடிக்கும் என்று அம்மா திருப்பிக் கேட்டார். சித்திரம்தான் என்றார் பையன். அப்படின்னா அதைச் செய் என்று அம்மா முடித்துவிட்டார். அப்படியும் படிப்பை விடவில்லை. 1951இல் படித்து முடித்து, 1952இல் டாக்டர்களுக்கான தேசியத் தேர்விலும் தேறினார். 1961இல் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆராய்ச்சி எதைப்பற்றி? குளத்து நத்தையின் விந்தணுவைப்பற்றி. பூச்சிப் பையன் எங்கேயும் போகவில்லை.

தம்பி, இனிமேல்தான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மனுஷனுக்குக் கதை எங்கிருந்து கிடைத்தது?

1953இல் இளவரசி வீரன் என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். ஆண் மனசும் பெண் மனசும் சேர்ந்து பிறந்த ஒரு இளவரசி, இளவரசனாக வேஷம் கட்டி நாட்டைக் காப்பாற்றுகிறாள். அம்மா கைப்பிடித்துக் கூட்டிப்போன தகராசுகா நாடகம்தான் அது. 1952இல் தொடங்கி 1968வரை வந்த இரும்புக்கர அணு, வெளிநாடுகளில் ஆஸ்ட்ரோ பாய் என்று பெயர் வாங்கிய ரோபோப் பையன். விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி, அவனைப்போலவே ஒரு ரோபோ செய்கிறார். அது வளரவில்லை என்று தெரிந்ததும் சர்க்கஸில் விற்றுவிடுகிறார். மனிதருக்கும் ரோபோக்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற பையன் அவன். இது எங்கே கிடைத்தது? யுத்தம் முடிந்த புதிதில் குடிபோதையில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தெசுகாவை அடித்துப்போட்டார்கள். அவர்கள் பேசியது இவருக்குப் புரியவில்லை, அதுதான் குற்றம். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாத இரண்டு கூட்டம் என்ற விஷயத்தை அந்த அடியிலிருந்துதான் எடுத்தார்.

அவருக்கும் போதாத காலம் வந்தது. 1963 ஜனவரி 1ஆம் தேதி ஆஸ்ட்ரோ பாயைத் தொலைக்காட்சியில் வாராவாரம் அரைமணி நேரக் கார்ட்டூனாகக் கொண்டுவந்தார். பெயர் வந்தது, பணம் வரவில்லை. குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டு, புத்தகத்தில் சம்பாதித்ததைக் கார்ட்டூனில் கொட்டினார். இதற்கிடையே இளைஞர்கள் சிலர் கெக்கிகா என்று பெரியவர்களுக்கான கடுமையான கதைகள் வரைய ஆரம்பித்தார்கள். வாசகர்கள் அந்தப் பக்கம் போனார்கள். தெசுகா பழைய ஆள் என்று பேச்சு எழுந்தது. அவருக்குப் பொறாமை வந்தது. அதை மறைக்கவும் தெரியாதவர். ஆனால் பொறாமைப்பட்டு உட்கார்ந்துவிடாமல், நாமும் பெரியவர்களுக்கு வரைவோம் என்று இறங்கினார். 1970இல் வந்த கிரிஹிதோ கதை அப்படி வந்ததுதான். மனிதர்களை நாய் போன்ற உருவத்துக்கு மாற்றும் ஒரு நோயை ஆராயப்போன இளம் டாக்டருக்கே அந்த நோய் வந்துவிடுகிறது. பெரிய பதவிக்கு ஆசைப்படும் மூத்த டாக்டர் அவனைக் கைவிடுகிறார். ஆஸ்பத்திரிப் படிநிலையை உள்ளேயிருந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய கதை. நம் ஆட்கள் படித்தால் தலையாட்டுவார்கள்.

1973இல் கம்பெனி திவாலானது. 45 வயது, தலைக்குமேல் கடன். அந்த நேரத்தில் ஒரு வாரப் பத்திரிகை இவருக்கு இடம் கொடுத்தது. நாலைந்து வாரம் ஓடினால் போதும், வழியனுப்பு விழா மாதிரி இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. அவர் கொண்டுவந்தது பிளாக் ஜாக். லைசென்ஸ் இல்லாத ஒரு அறுவைசிகிச்சை நிபுணன். கை தேர்ந்தவன், கேட்கிற பீஸோ கொள்ளை. முகத்தில் குறுக்கே ஒரு தையல், இரண்டு நிறத் தோல். சின்ன வயதில் யுத்தகாலத்து வெடிக்காத குண்டு வெடித்துச் சிதைந்துபோன பையனை ஹோன்மா என்ற டாக்டர் ஒட்டுப்போட்டுப் பிழைக்கவைத்திருக்கிறார். பாருங்கள், ஒசாகாவின் குண்டும், கைகளைக் காப்பாற்றிய டாக்டரும் முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கிறார்கள். நாலு வாரத்துக்கு என்று வந்த கதை 1978வரை வாராவாரம் ஓடியது. அதற்குப் பிறகும் 1983வரை அவ்வப்போது வந்து, மொத்தம் 240 அத்தியாயங்களைத் தாண்டியது. தெசுகா எழுந்துவிட்டார்.

இதே காலத்தில் நம் பக்கத்து ராஜகுமாரன் சித்தார்த்தனையும் வரைந்தார். 1972 முதல் 1983வரை புத்தர் வாழ்க்கை. கபிலவஸ்துவில் நடக்கிற கதைக்குள் தத்தா, சாப்ரா என்று தானே படைத்த ஏழை எளியவர்களைக் கொண்டுவந்து உலவவிட்டார். பெரியவரின் வாழ்க்கையை எழுதினாலும் அவர் கண் திருடன்மேலும் அடிமைமேலும்தான் இருந்தது. 1981இல் ஆரம்பித்த இன்னொரு தொடரில் தன் கொள்ளுத்தாத்தாவையே பாத்திரமாக்கினார். அந்தத் தாத்தாவும் டாக்டர். ஒகாதா கோவன் என்பவர் 1838இல் ஒசாகாவில் தொடங்கிய பள்ளியில் டச்சு மருத்துவம் படித்தவர். அந்தப் பள்ளியைத்தான் ஒசாகா பல்கலைக்கழகம் தன் வேர் என்று சொல்கிறது. ஆக, பேரன் படித்ததும் தாத்தா படித்த இடத்தின் வழிவந்த கல்லூரி. முன்னாள் மாணவர் சங்க மலருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா!

1989 பிப்ரவரி 9ஆம் தேதி இரைப்பைப் புற்றுநோயில் காலமானார். அறுபதே வயது. அந்தக்கால வழக்கப்படி நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். படுக்கையிலும் வரைந்துகொண்டேதான் இருந்தார். மூன்று கதைகள் பாதியில் நின்றன. ஒன்றின் கடைசிப் பக்கங்களில் வெறும் பென்சில் கோடுகள் மட்டுமே இருக்கின்றன. மொத்தம் சுமார் 700 கதைகள், 1,50,000 பக்கங்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். தகராசுகாவில் 1994இல் அவருக்கு ஒரு நினைவகம் திறந்தார்கள்.

இதையெல்லாம் நான் எதற்குத் தேடிப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

1976 பேட்ச் நண்பர்களுக்கு என் கார்ட்டூன் நோட்டு ஞாபகம் இருக்கும். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த கை. வார்டன், மெஸ் மாஸ்டர், அனாடமி சார் ஒருவரையும் விட்டதில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபின் அந்த நோட்டை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏன் விட்டுட்டே என்று எத்தனையோ பேர் கேட்டீர்கள். நேரமில்லைப்பா என்று சொல்லிவைத்தேன். அது பொய்.

1982இல் ஒரு ராத்திரி டியூட்டி. கட்டுவிரியன் கடித்த பத்து வயதுப் பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பையன் பேசிக்கொண்டுதான் இருந்தான். நான் டியூட்டி ரூமில் உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். பையனுக்குக் கண் இமை இறங்குதாம், சிஸ்டர் கூப்பிடறாங்க என்று வார்டு பாய் வந்து சொன்னார். இதோ வர்றேன் என்றேன். ஒரு மூக்கு பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுப் போனேன். பத்து நிமிஷம் இருக்கலாம். போனபோது மூச்சு மேலோட்டமாகிவிட்டிருந்தது. அங்கே அப்போது வென்டிலேட்டர் கிடையாது. விடியவிடிய நானும் சிஸ்டரும் மாற்றி மாற்றி ஆம்பு பேக்கை அமுக்கினோம். அவன் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குப் பையன் போய்விட்டான். உடனே போயிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்பா என்று சீஃப் தோளில் தட்டினார். இருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரும் ரசீது தர முடியாது. நோட்டை ஹாஸ்டல் பின்பக்கம் குப்பையோடு கொளுத்தினேன். அதன்பின் பேனாவை மருந்துச் சீட்டு எழுத மட்டும் எடுத்தேன்.

ரிட்டையர் ஆன பிறகு மகள் பிளாக் ஜாக் புத்தகங்களை வாங்கிவந்து வைத்தாள். ஆங்கிலத்தில் 17 தொகுதிகள். பொழுதுபோகாமல் ஒன்றை எடுத்தேன். அதில் ஒரு அத்தியாயம். வயதாகிப் படுத்த படுக்கையாக இருக்கும் ஹோன்மா, தன் பழைய நோயாளியான பிளாக் ஜாக்கிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். சின்ன வயதில் அவனுக்கு ஆபரேஷன் செய்தபோது கத்தி ஒன்றை உடம்புக்குள்ளேயே விட்டுத் தைத்துவிட்டார். சொல்லத் தைரியம் வரவில்லை. ஏழு வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், உடம்பு அந்தக் கத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பு உறை கட்டி, யாரையும் குத்தாதபடி வைத்திருந்தது, சிப்பி முத்தைக் கட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஹோன்மாவுக்கு முடியாமல் போகிறது. உலகத்திலேயே கைதேர்ந்த அந்தச் சர்ஜன் தன் குருவுக்கு ஆபரேஷன் செய்கிறான். காப்பாற்ற முடியவில்லை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதியவன் யாராயிருந்தாலும் ஆஸ்பத்திரி ராத்திரியை அறிந்தவன் என்று தோன்றியது. அதன்பிறகுதான் தெசுகாவைத் தேடிப் படித்தேன். அவர் தொழில் பார்க்கவில்லை, ஆனால் டாக்டராக இருந்ததை விடவும் இல்லை. நான் தொழிலைப் பார்த்தேன், சித்திரத்தை எரித்தேன். என் கத்தியும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

தம்பி, இதுதான் உங்களுக்கு என் பதில். முகமூடிக்காரர்களை வேறு யாரோ ஏற்கெனவே வரைந்துவிட்டார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் என்ன படம் ஓடியது என்று பாருங்கள். எதற்குப் பயந்தீர்கள், யார் உங்களை அடித்தார்கள், யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள் என்று பாருங்கள். முதல் நாள் டிஸெக்‌ஷன் ஹாலில் ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்றீர்களே, அந்த மேஜையில் கிடந்தவர் யாராக இருந்தார் என்று ஒரு நிமிஷம் நினைத்தீர்களா? அங்கே ஒரு கதை இருக்கிறது. யாருக்கும் சொல்ல முடியாத ஒன்று உள்ளே இருந்தால், அவசரப்படாதீர்கள், எரிக்கவும் எரிக்காதீர்கள். அதுதான் கடைசியில் உங்கள் சொந்தக் கதையாகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சிஸ்டர் கூப்பிட்டால் மூக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போங்கள். மூக்கு காத்திருக்கும்.

நானும் ஆரம்பித்திருக்கிறேன். கை நடுங்குகிறது, கோடு கோணுகிறது. பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு ராத்திரி வார்டு, ஒரு ஆம்பு பேக், கால்மாட்டில் ஒரு அம்மா. அந்த அம்மாவின் முகம்தான் இன்னும் வரவில்லை. நாலு தடவை அழித்துவிட்டேன். இந்தச் சந்திப்புக்கு நோட்டைக் கொண்டுவருவேன். சாப்பாட்டு வரிசையில் அந்தத் தம்பி என்னைக் கண்டுபிடிக்க வேண்டாம். நானே தேடிவந்து, இந்த முகத்தை எப்படிப் போடலாம் என்று அவரிடம் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
1976 பேட்ச் பின்வரிசை மாணவன்